ஏழாவது தடவை

ஷார்ஜாவில் மச்சான் ஏழாவது தடவை பாஸ்.
அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்,
பாதி முகத்தைக் கட்டைவிரல் மறைக்க.
பெரியபட்டினத்தில் தெருவெல்லாம் நார்சா கொடுத்தாள் மாமி.

ஆறு தோல்விக்கும் ஆறு போன்:
ரவுண்டானா, பார்க்கிங்,
கண்ணாடி பார்க்காதது,
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போன அரபிப் போலீஸ்.
இன்ஷா அல்லா, அடுத்த தடவை என்பேன்.

லீவில் வந்தவர்
காரின் இடப்பக்கம் ஏறி
ஸ்டியரிங்கைத் தேடினார்.

வலப்பக்கம் நான் ஏறினேன்.
என் லைசென்ஸ் ராமநாதபுரத்தில் எடுத்தது,
ஒரே தடவையில்,
அவர் மூன்றாம் முறை தோற்ற வாரம்.
இரண்டு வருஷம்
அரிசி டின்னுக்கடியில் கிடந்தது.

பெல்ட்டைப் போடுங்க மச்சான்.

சேதுக்கரை வரை பேச்சில்லை.
கடல் தெரிந்ததும்
மெதுவாகச் சொன்னார்:
"கண்ணாடி பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.