நின்ற இடத்தில் நாற்பது

காலை ஏழரைக்கு, முத்துப்பேட்டை சாலையில்,
டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது.
ஆட்டோமேட்டிக்கை அப்படி இழுக்கக் கூடாது,
எத்தனை முறை சொல்வது.
பதினான்கு வயதுப் பிக்கப், நாலு சக்கர இழுவை.
பின்னால் இறால் தீவனம் எட்டு மூட்டை,
ஒன்று கிழிந்து, ஈ.

இறங்கும்போதே நத்தர்ஷா தீர்ப்புச் சொன்னார்:
"கியர்பாக்ஸ் போச்சு. திருச்சியில கேட்டுட்டேன்,
லட்சத்து இருபதாம்.
எல்லாம் இவன் வேலை.
ராத்திரி குளத்துக் கரையில ஏத்தியிருக்கான்."

வைரக்கண்ணு டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து
செருப்பில் காய்ந்த சேற்றைக்
குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.

ஆயில் குச்சியை உருவினேன்.
சிவப்புதான். வயசுக்கேற்ற கறுப்பு கொஞ்சம்.
கருகல் வாசனை இல்லை.
தண்ணீர் புகுந்திருந்தால் ரோஸ்மில்க் ஆகியிருக்கும்,
அதுவும் இல்லை.

டிரைவில் போட்டேன். உள்ளே சின்னதாய் ஓர் இழுப்பு.
மிதித்தால் முள் ஏறுகிறது,
இருபது, முப்பது, நாற்பது.
கண்ணாடிக்கு வெளியே அதே புங்கமரம்.

"பாத்தீங்களா?"
பார்த்தேன். முள் பொய் சொல்லவில்லை.
அதற்குச் சேதி போவது
கியர்பாக்ஸைத் தாண்டிய இடத்திலிருந்து.
அதுவரை எல்லாம் ஓடுகிறது.

கடைமடையில் வயல் காய்ந்தால்
மேட்டூரைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.
எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கி அதைத்தான் செய்கிறோம்.
இல்லையென்றால் வாய்க்காலோடு நடந்து
எதுவரைக்கும் ஈரம் என்று பார்க்கலாம்.
நடந்தேன்,
சாக்கின்மேல் மல்லாந்து படுத்தபடி.

பார்க்கில் போட்டுத் தள்ளச் சொன்னேன்.
பூட்டு விழுந்தும் வண்டி உருண்டது,
பூட்டைப் பற்றித் தெரியாததுபோல.
நாலு சக்கரத்துக்கு மாற்றினேன். கடக்.
முன்சக்கரம் இரண்டும் மண்ணைப் பிறாண்டி
வண்டி தானாகவே பட்டறைக்குள் வந்தது.
நத்தர்ஷா அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

பின்பக்கம் ஜாக்கி. இடது சக்கரம் தரையில்.
வலதைச் சுற்றினேன், ராட்டினம்.
தடுக்க ஆளில்லை.
ஒரு பக்கம் கரை உடைந்தால்
தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான்,
மறுபக்கத்துக்குச் சொட்டு கிடையாது.
இடது சக்கரம் பாவம், நல்ல சக்கரம்.

டிரம்மைக் கழற்றி, நாலு நட்டு விட்டு உருவினால்
அச்சு பாதிதான் வந்தது.
மீதியைக் காந்தக் கம்பி விட்டு எடுத்தோம்.
முறிந்த முகத்தை டீசலில் துடைத்தேன்.

ஓரத்தில் ஒரு புள்ளி.
அங்கிருந்து கோடு கோடாய்,
வற்றுகிற குளம் கரையில் விட்டுப்போவதைப் போல,
துருவேறிய பழுப்பு.
முக்கால்வாசியும் அப்படி.
எதிர் ஓரத்தில் ரெண்டு ரூபாய்க் காசு அகலத்துக்கு
வெள்ளையாய்ப் புது முறிவு.

"ராத்திரி உடைஞ்சது இந்த வெள்ளை மட்டும்" என்றேன்.
"மத்தது பழசு. வருஷக் கணக்கா, தினம் கொஞ்சம்."
"எதுல ஆரம்பிச்சது?"
எனக்கெப்படித் தெரியும். ஏதோ ஒரு பெரிய இழுப்பு.

"புயலுக்கு மறுநாள் அலையாத்திக் காட்டோரம்
ஜெனரேட்டரு சேத்துல…"
நத்தர்ஷா பாதியில் நிறுத்திக்கொண்டார்.
அன்று ஓட்டியது யார் என்று நான் கேட்கவில்லை.
வைரக்கண்ணு என்னைப் பார்த்துத்தான் சொன்னான்:
"அப்ப நான் வேலைக்கே சேரலண்ணே."

இரண்டு துண்டையும் எடுத்து
நத்தர்ஷா ஒட்டிப் பார்த்தார்.
கோடு தெரியாமல் பொருந்தியது.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.
"வெல்டு வச்சா நிக்குமா?"
"நிக்கும்" என்றேன். "ஓடாது."

அதற்குள் வைரக்கண்ணு
கிழிந்த மூட்டையின் வாயைக் கயிற்றால் கட்டி
டிராக்டருக்கு மாற்ற ஆரம்பித்திருந்தான்.
பதினோரு மணிக்குக் குளத்தில் தீனி.
இறாலுக்கு இதெல்லாம் தெரியாது.