தெரிந்த மொழிகள்

திங்கட்கிழமை எல்லாருக்கும் ஒரு படிவம் வந்தது.
ஈசூன் தாதிமை இல்லத்தின் மூன்று மாடிக்கும்,
பழைய ஆள் புது ஆள் என்றில்லை,
சமையலறை நோரைனிக்குக்கூட.

தண்டனை பெற்றதுண்டா என்பது
ஏழாவது கேள்வி.
பேனா எடுத்த வேகத்தில்
இல்லை என்று போட்டேன்.
குணாளன்தான்
பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து,
திரு கோவுக்குக் கஞ்சி ஆறிவிடும் என்று
எழுந்துபோனார்.

வேறு யார் ஊட்டினாலும் திரு கோ
ஈறோடு ஈறைக் கடித்துக்கொள்வார்.
குணாளன் காதருகே குனிந்து
ஹொக்கியனில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார்.
கிழவர் சிரிப்பார்.
சிரித்த வாய்க்குள் கரண்டி போய்விடும்.

எங்கே கற்றீர்கள் என்று ஒருதரம் கேட்டேன்.
'சாங்கியில். பதினெட்டு மாசம்.
நாலு பேர் படுத்த அறையில்
நான் ஒருத்தன்தான் தமிழ்.'
கேலாங்கில் ஒரு பீர் போத்தல், ஒருவன் நெற்றி.
அப்போது வயது இருபத்தொன்று.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெரிந்த மொழிகள் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
எங்கே கற்றது என்று
அதுவும் கேட்கவில்லை.

சோதனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.
போன வருஷம் மேடம் ரொக்கியாவின் மோதிரம்
சோப்பு நுரையோடு யார் கையிலோ வழுக்கிப்போனது.
மிஞ்சியது விரலைச் சுற்றி ஒரு வெளுப்பு.
மகள் வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டு
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
என் அம்மா அந்தக் கட்டிலில் கிடந்தால்
நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

கைரேகை எடுக்கப் போனேன்.
கண்ணாடியில் வைத்த விரலை இயந்திரம் ஏற்கவில்லை.
துடைத்து வை என்றார் அதிகாரி. வைத்தேன்.
அழுத்தி வை. வைத்தேன்.
பதினோரு வருஷக் குளோராக்ஸ்,
நாளுக்கு நாற்பது தரம் கழுவுகிற கை.
'மேடம், உங்களுக்கு ரேகையே இல்லையே' என்று சிரித்தார்.
கடைசியில் இடது மோதிர விரல் கைகொடுத்தது.
ஒன்பதாம் நாள் பதில்:
குற்றம் எதுவும் இல்லை.

ஒரு தீபாவளி இரவு.
லீவு மறுத்துவிட்டார்கள்.
நான்காம் முறை விரிப்பை நனைத்திருந்த
மிஸ் லிம்மின் மேற்கையைக் கிள்ளினேன்.
கிள்ளி,
திருகினேன்.
அவருக்குப் பேச்சு நின்று ஆறு மாதம்.
விடிந்தபோது அந்த இடம் நாவல்பழ நிறம்.
'கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டார்.'
குறிப்பேட்டில் அது என் கையெழுத்து.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

குணாளனின் பதில் இன்னும் வரவில்லை.
வரும்வரை துணி மடிக்கலாம்,
செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம்,
யாரையும் தொடக் கூடாது.
பன்னிரண்டு மணிக்குச் சலவையறைக் கண்ணாடிக்குப் பின்னால்
அவர் தலை ஒருதரம் தெரிந்து மறைகிறது.

இன்று கஞ்சிக் கிண்ணம் என் கையில்.
அவரிடம் கேட்டு மனப்பாடம் செய்த வார்த்தையை
கிழவர் காதில் சொல்கிறேன்.
உச்சரிப்பு தப்பு போல.
திரு கோ என்னையே பார்க்கிறார்,
வெகுநேரம்.
கஞ்சியின் மேல் ஆடை படிகிறது.