கதவு பூட்டு

சிம்மக்கல்லில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேலே
பத்தொன்பது படி.
பதினேழாவது படியில் நின்று வலப்பக்கம் அண்ணாந்தால்
கிளினிக்கின் மீட்டர்.
ஆறு வருஷமாக அதுவரைக்கும்தான் வந்திருக்கிறேன்.
கதவுக்கு உள்ளே இன்றுதான்.

மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன் நான்.
ஒரு நாளைக்கு இருநூறு வாசல்,
இருநூறு தடவை அண்ணாந்து பார்த்தல்.
செல்லூரில் தறி ஓடும் வீடுகளில்
நிலைக்கும் மேலே, ஓட்டுக்கும் கீழே,
பல்லி மட்டும் சௌகரியமாகப் படிக்கிற உயரத்தில்
மீட்டரை வைத்திருப்பார்கள்.

வலி நெற்றிப்பொட்டில்தான் ஆரம்பித்தது.
கண்ணாடி மாற்றினேன்.
கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன்.
நல்ல பல்தான் என்று
பிடுங்கியவரே பிறகு சொன்னார்.
தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன்.
தைலம், மாத்திரை,
திருப்பரங்குன்றத்தில் ஒரு வேண்டுதல், அது இன்னும் பாக்கி.

பலகையில் ஜெஸிந்தா என்று போட்டிருந்த பெண்
நெற்றியைத் தொடவே இல்லை.
கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே
மூட்டை தாங்குகிற இடத்தில்
சதையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து
பஞ்சுக்குள் கொட்டையைத் தேடுகிறவள் போல உருட்டினாள்.
"இங்க ஒரு முடிச்சு. அழுத்துறேன்,
எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க ஒச்சப்பன் சார்."
அழுத்தியது தோளில்.
வலித்தது கண்ணுக்குப் பின்னால்.
எனக்கு அந்தப் பல் ஞாபகம் வந்தது.

ஊசியைக் காட்டினாள். முடி மாதிரி இருந்தது.
"உள்ள என்ன மருந்து?"
"மருந்து கிடையாது சார். வெறும் ஊசி."
"வெறும் ஊசிக்கா ஐநூறு ரூபா?"
சிரித்தாள். பதில் சொல்லவில்லை.
கையுறை மாட்டுகிற சத்தம் மட்டும்.

குப்புறப் படுத்தேன்.
படுக்கையில் முகத்துக்கென்று ஒரு ஓட்டை.
அதன் வழியே தரை, அவள் செருப்பு,
யாரோ தவறவிட்ட சட்டைப் பொத்தான்.
நாள் முழுக்க மேலே பார்க்கிறவனுக்கு
கீழே பார்க்க இவ்வளவு நேரம் கிடைத்ததே இல்லை.

சின்ன பிளாஸ்டிக் குழாய். ஒரு தட்டு.
வைகைக் கரைக் கொசு இதைவிட மோசமாகக் கடிக்கும்.
இவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் ஊசியை இன்னும் கொஞ்சம் உள்ளே தேடவிட்டாள்.

துள்ளியது.
நான் இல்லை. நான் சும்மா கிடந்தேன்.
எனக்குள் படுத்திருந்த இன்னொருத்தன்
தூக்கத்தில் காலை உதறியதுபோல் ஒரு வெட்டு.
தக்கை அமுங்கும் முன்பே
தூண்டில் பிடித்த விரலுக்குத் தெரியுமே, அது.
"வந்துருச்சு" என்றாள்,
மீன் தனக்குத்தான் என்பதுபோல்.
மறுபடி. மறுபடி.
நாலாவது தடவை கொஞ்சம் சோம்பலாக.
பிறகு இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு.
வீடு பூட்டியிருந்தால்
கருவியில் கதவு பூட்டு என்று ஏற்றிவிட்டு
போன கணக்கையே இந்தத் தடவையும் போடுவோம்.
உள்ளே விளக்கு எரிகிறதா, ஆளே இல்லையா,
யார் கண்டது.
பதினோரு வருஷமாக என் தோளுக்கும்
போன தடவை மாத்திரையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.
குறையாகச் சொல்லவில்லை.
சித்திரை வெயிலில்
தட்டினால் திறக்கிற கதவைத் தட்டாமலே
நானும் பூட்டு என்று எழுதிப் போயிருக்கிறேன்.

"நாளைக்கு வரைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும்.
தண்ணி நல்லாக் குடிங்க. வியாழக்கிழமை வாங்க.
பையை எந்தத் தோள்ல மாட்டுவீங்க?"
வலது, என்றேன்.
இடதில் மாட்டி அனுப்பினாள்.
பை என் பைதான், ஆனால் யாருடையதோ போலத் தொங்கியது.

பதினேழாவது படியில்
பழக்கத்தில் நின்றேன், நிமிர்ந்தேன்.
கழுத்து நெறியாமல் போனது, ஏறக்குறைய.
கணக்கெடுக்கும் நாள் இல்லை இது, முறை அடுத்த மாதம்தான்.
இருந்தாலும் படித்தேன்: நாலாயிரத்து இருநூற்று முப்பத்தெட்டு.
உள்ளே அடுத்த ஆளுக்கு
ஒத்தடப் பெட்டியைப் போட்டிருப்பாள்.
மீட்டரின் சிவப்புப் பொட்டு வேகமாகத் துடித்தது.
தோளில் ஊசி போன இடமும் விண்விண்ணென்றது.

நாளைக்கு முனிச்சாலை.
இருநூற்றுப் பன்னிரண்டு வாசல்.