அளவுப் புத்தகம்

நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை.
ஐந்தாவது கட்டம் குறிப்புக்கு;
அதில் பெரும்பாலும் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

இரணியல் பக்கம், சானலுக்குக் குறுக்கே
பதினெட்டு மீட்டர் பாலம்.
அஸ்திவாரத்துக்குத் தோண்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு கன மீட்டர்,
பாதி சேறு.
அந்தச் சேற்றில் இடுப்பளவு நின்றவர்கள்
எண்ணிக்கைக் கட்டத்தில் வரமாட்டார்கள்.
அது கம்பிகளுக்கு.

ஒடிசாவிலிருந்து பதினோரு பேர்.
ரயில் அவர்களை நாகர்கோவிலில் இறக்கிவிட்டது மே மாதம்,
கொட்டியது மழை.
இதுதான் உங்கள் கோடையா என்று இந்தியில் கேட்டான் ஒருவன்.
பெயர் துர்ஜோதன் மாஜி.
நலவாரியத்தில் பதிவு செய்யக் கூட்டிப் போனேன்.
கிளார்க் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்:
துரியோதனனா? அப்போ தம்பி துச்சாதனனா?
அவன் தலையாட்டினான்.
தமிழ் புரியாமல் ஆட்டுகிறான் என்று நினைத்தேன்.
தம்பி பெயர் அதுவேதானாம்.

பில்லில் நூற்றுக்கு ஒன்று பிடிக்கிறோம், தொழிலாளர் நலநிதி.
அது போகிற கணக்குத் தலைப்பு எனக்கு மனப்பாடம்.
திரும்பி வருகிற வழிக்குத்தான்
இன்னும் டெண்டர் விடவில்லை.

லீலாபாய் கடையில் காலையில்
பழங்கஞ்சி, அவித்த மரச்சீனி, சாளைக் கறி.
கஞ்சியைக் கண்டதும் பதினோரு பேரும்
பகாளா பகாளா என்றார்கள்.
மறுநாள் பலகையில் சாக்பீஸ்:
பகாளா, முப்பது ரூபாய்.
புது ஐட்டமாக்கும் என்று வாங்கிக் குடித்த உள்ளூர்க்காரர்கள்
ஒன்றும் சொல்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

ஊரில் ஆள் இல்லையா என்று கேட்கிறார்கள்.
இருந்தார்கள். என் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.
ஸ்டார்லின் தோஹாவில் சாரம் கட்டுகிறார்.
அவர் ஏறிய உயரத்தை அங்கே யாரோ ஒரு என்ஜினியர்
மீட்டராக்கிக்கொண்டிருப்பார்.
அவர் அனுப்பிய பணத்தில் எங்கள் மாடிக்குத் தளம் போட்டவர்கள்
மால்டாவிலிருந்து வந்த இரண்டு பேர்.
எங்கே தொடங்குகிற கூலி எங்கே போய் நிற்கிறது?
ஒரு ஞாயிறு, பூசைக்குப் போகாமல்,
பென்சிலால் அம்பு வரைந்து பார்த்தேன்.
கடலைத் தாண்டி, கூரையைச் சுற்றி,
அது என் மேசைக்கே வந்துவிட்டது.
என் சம்பளம் யாரோ கட்டிய வரி.
சோப்புக்கும் பீடிக்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்கும்
துர்ஜோதன் கட்டியதும் அதில் சேர்த்தி.

பாலம் முடிந்தால் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு
ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடம் முன்னால் போகும்.
தேங்காய்ப்பட்டணத்து மீன் லாரியும்தான்.
பன்னிரண்டு நிமிடத்துக்கு
எங்கள் ஷெட்யூலில் ரேட் கிடையாது.

சென்டரிங் பலகை பிரித்த அன்று
கிழக்குக் கரைச்சுவரின் பின்பக்கம்
பச்சை மாறாத கான்கிரீட்டில் ஆணியால் ஒரு வரி.
உருண்டை உருண்டையாய் ஒடிய எழுத்து.
கான்ட்ராக்டர் சுயம்புலிங்கம் வேர்த்துப்போனார்:
கொத்திப் பூசிரலாம் மேடம், பில்லுல கை வச்சிராதீங்க.

டேப் பிடித்தேன்.
நாற்பத்தைந்து சென்டிமீட்டர். ஆழம் இரண்டு மில்லிமீட்டர்.
மண் நிரப்புகிற பக்கம்.
நாளை மறுநாள் மூடிவிடும்.
என்ன எழுதியிருக்கிறாய்?
பதினோரு பெயருக்கு இடம் போதாது மேடம்,
ஊர்ப் பெயரை எழுதினேன்.

குறிப்புக் கட்டத்தில் அன்றைக்குக் கோடு போடவில்லை.
சுவரின் பரப்பு பார்க்கப்பட்டது,
ஏற்கத்தக்கது, என்று எழுதி
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

ராத்திரி போனில் கேட்டேன்:
நீங்க அங்க எங்கயாவது எழுதியிருக்கியளா?
எழுதுனா ஃபைன் அடிப்பானுவ பிள்ளே, என்றார் ஸ்டார்லின்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
காற்று மட்டும் இரைந்தது.
பிறகு கேட்டார்:
எத்தனாவது தூணுன்னா கேக்கா?