முதல் ரெய்டுக்கு முன்

போன வருஷம் தேவகோட்டை மேட்சில்
லோடு ஆட்டோவிலிருந்து குதித்த கையோடு
களத்தில் இறங்கினேன்.
ஒரு மணி நேரம் மடக்கியே வந்த கால்.
வேர்வை இல்லை, மூச்சு சூடேறவில்லை,
பாடிக்கொண்டே போய்
போனஸ் கோட்டுக்கு நீட்டினேன்.

தொடைக்குப் பின்னால் டப்.
சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.
பிடிக்க வந்த கொத்தமங்கலத்துக்காரி
தொடாமலே நின்றாள்.
"நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் நடுவரிடம்.
பண்ணவில்லைதான்.

ஏழு வாரம்.
புதுவயல் மில்லில் எடை மேசைக்கு அடியில்
கவிழ்த்த தவிட்டு டின்மேல் காலை வைத்தபடி
மூட்டை எண்ணினேன்.
எதிரே பாய்லர்.
மூன்றரைக்கு உமி போட்டாலும்
ஆவி கட்ட ஐந்தாகும்.
அப்போதும் வெள்ளைச்சாமி
வால்வை ஒரேயடியாகத் திறக்கமாட்டான்;
குளிர்ந்த குழாயில் ஆவி பாய்ந்தால்
மடார் மடாரென்று அடித்துக்கொள்ளும்,
இணைப்பில் பிய்யும்.
கொஞ்சம் திறப்பான், மூடுவான்,
இன்னும் கொஞ்சம்.
பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.
என் காலுக்கும் இதற்கும்
ஒரு சம்பந்தம் இருக்குமென்று
ஒருநாளும் தோன்றியதில்லை.
(பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக் கதவை
உவமை சொல்லலாம். வேண்டாம்.
என் காலுக்கு மில் போதும்.)

தோன்ற வைத்தவை மாடுகள்.
கண்டனூர் ரோட்டில் வண்டிப் பந்தயம்;
கம்பு ஊன்றி ஓரமாய் நின்றிருந்தேன்.
கொடி விழ இன்னும் முக்கால் மணி நேரம்.
வண்டியில் பூட்டாமல், ஜோடி ஜோடியாக
நடத்திக்கொண்டு போனார்கள்.
நடை, கொஞ்சம் துள்ளல், மறுபடி நடை.
யாரும் மாட்டின் காலைப் பிடித்து
முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு
முப்பது எண்ணவில்லை.

நாங்கள் அதைத்தான் செய்வோம்,
நேரமிருந்தால்.
தரையில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்து
பல்லைக் கடித்து, அசையாமல்.
எழும்போது உடம்பு
முன்னைவிடத் தூக்கமாக இருக்கும்.

இந்த வருஷம் பள்ளத்தூர். ராத்திரி மேட்ச்.
கால் மணி நேரம் முன்னதாகவே வந்து
ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு அப்பால் ஒதுங்கினேன்.
முதலில் நடை. பிறகு மெல்லோட்டம்.
பள்ளிக்கூடச் சுவரில் கை ஊன்றி
ஒரு காலை மணி நாக்கு மாதிரி வீசினேன்,
முன்னும் பின்னும்,
சின்னதாக, அப்புறம் பெரிசாக.
எட்டாவது வீச்சில் இடுப்பு சரி என்றது.
பழைய காயம் கொஞ்சம் பிடிவாதக்காரி,
பதினாலாவதில்தான் வழிவிட்டாள்.
முழங்காலை மார்புக்கு, குதிகாலைப் பின்புறத்துக்கு;
நீள அடி வைத்து, முட்டி மடித்து எழுந்து
செம்மண்ணை அளந்துகொண்டே போனேன்.
கழுத்தோரம் முதல் வேர்வை.

பரோட்டாக் கடை வாசலில் பையன்கள் சிரித்தார்கள்.
"அக்கா, கரகம் எங்க?"
"தலையிலதான் இருக்கு. தள்ளி நில்லு, விழுந்துடும்."
கேப்டன் அடைக்கம்மை வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
அப்புறம் இன்னொருத்தி.

மூன்றாவது ரெய்டு. அதே கோடு, அதே இடது கால்.
நீட்டும்போது
ஒரு நொடி அந்த டப்புக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.
கால் போனது, தொட்டது,
கூப்பிட்டதும் திரும்பியது.

இரண்டு பாயிண்டில் தோற்றோம்.
ஆட்டுக்கிடா நாச்சியாபுரத்துக்குப் போனது.
பொறாமையில்லை என்று சொன்னால் பொய்;
நல்ல கிடா.

லோடு ஆட்டோவுக்கு ஏணி கிடையாது.
போன தடவை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள்.
இந்தத் தடவை காலைத் தூக்கிப் போட்டு
நானே ஏறினேன்.

புதுவயல் நெருங்கும்போது நாலு மணி.
எங்கள் மில் புகைக்குழாயில்
மெலிசாகப் புகை.
ஆவி வர இன்னும் நேரமிருக்கிறது.