மருந்து

கோரிமேட்டில் என் மருந்துக்கடை.
சீட்டில் கிறுக்கியிருப்பது ஐந்தா ஐம்பதா என்று
சந்தேகம் வந்தால் டாக்டருக்கே போன் போடுவேன்.
எரிந்து விழுவார்.
விழட்டும்.

கடை லீவு நாளில் லாஸ்பேட்டை மாடியறை.
போட்டிக்குப் போகும் ரைபிளுக்கு
என் தோட்டாவை நானே நிரப்புகிறேன்.
இதற்குள் போவதற்கும் மருந்து என்றுதான் பெயர்.
தமிழ் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை,
ஏதோ தெரிந்துதான்.

ஃபேன் கிடையாது. காற்றுப் பட்டால் தராசு பொய் சொல்லும்.
மேஜைமேல் ஒரே டப்பா, லேபிள் என்னைப் பார்த்தபடி.
சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாம் கீழ்வீட்டோடு சரி.
போனும் கீழேதான்.
ஐம்பது பித்தளைக் கூடுகள்
கட்டையில் வாய் பிளந்து நிற்கின்றன,
ஆடிப் புழுக்கத்தில் கண்ணாடிக்குள் வியர்வை இறங்க
அளந்து, ஊற்றி, எண்ணி

முப்பத்தொன்றில் கதவைத் தட்டினான் இளவழுதி.
கையில் என் போன்.
"சிலிண்டர் வந்திருக்கு. ஓடிபி கேக்குறான், லாக்கை எடு."
நாலு. ஏழு. ஏழு. இரண்டு.

திரும்பி உட்கார்ந்தால்
என் எண்ணிக்கை அந்த நாலு இலக்கத்தில் கரைந்துபோயிருந்தது.
முப்பத்தொன்றில் போட்டேனா? போடப் போனேனா?

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
எல்லாம் ஒரே மட்டம் என்றது கண்.
ஐந்தை ஐம்பதாகப் படிப்பதும் இதே கண்தான்.

ரெட்டிச்சாவடிப் பக்கம் வெடிக்கொட்டகையில் இருந்த
சித்தி மகன் கதிர்வேங்கைக்கு
வலது கையில் இரண்டு விரல்.
அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்தானாம்.

ஒவ்வொரு கூடாய்க் கவிழ்த்தேன்.
ஒரே டப்பா என்பதால்
எதில் திருப்பிக் கொட்டுவது என்ற குழப்பமில்லை.
முப்பதும் போயிற்று, அந்த ஒன்றும் போயிற்று.
இரண்டு மணி நேர வேலை
கைப்பிடி உப்புபோல டப்பாவின் அடியில் சரசரத்தது.
இரட்டையாய் விழுந்த ஒன்று அதில் இருந்ததா?
எடை போட்டுத் தேடியிருக்கலாம்.
தேடவில்லை.
தெரிந்து என்ன?

டப்பாவை மூடி, பூட்டி, சாவியோடு இறங்கினேன்.
சமையலறையில் டீக்குப் பால் வெளியே இருந்தது,
அடுப்பு பற்றவில்லை.
இளவழுதி குந்தியிருந்தான்,
புது சிலிண்டரின் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவி
குமிழி வருகிறதா என்று பார்த்தபடி.
"கொஞ்சம் இரு" என்றான்,
தலை நிமிராமல்.

நான் வாசலிலேயே நின்றேன்.
அவனிடம் எதுவும் கேட்கவில்லை.