ஒற்றைக்கு விலை என்ன

வெள்ளையை முதலில் பிசைய வேண்டும்.
சிவப்பைத் தொட்ட விரல் வெள்ளையைத் தொட்டால்
அன்றைய வெள்ளை அவ்வளவுதான்,
ரோஜா நிறம் என்று சொல்லி விற்க வேண்டியதுதான்.
இதைக் கற்றுக்கொள்ள எனக்கு
நான்கு பொட்டலம் களிமண் செலவானது.

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
விடியவே பத்து மணி ஆகும்.
பாலிமர் களிமண் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும்.
பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பாத்திரம் கழுவுவேன்.
கடைசித் தட்டுக்குள் மஞ்சள் வழிக்கு வந்துவிடும்.
நீலத்துக்குப் பிடிவாதம் அதிகம்,
துணி உலர்த்தி முடிக்கும்வரை இளகாது.

வேலை நண்டுத் தொழிற்சாலையில்.
வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, முகமூடி.
வாசலிலேயே பலகை: காதணி கூடாது.
ஒரு கம்மல் டின்னுக்குள் விழுந்தால்
ஜப்பான் வரை போய்விடும் என்பார் மேற்பார்வையாளர்.
ஒரு தடவை போயிருக்குமோ என்னவோ.
எட்டு மணி நேரம், நூற்றிருபது பெண்கள்,
வெறும் துளைகளோடு நின்று
நண்டின் கால்களை உடைக்கிறோம்.

சங்கு ஊதியபின் வந்து பாருங்கள்.
கேட்டுக்கும் பேருந்துக்கும் நடுவில்
அத்தனை தலையும் ஒரு பக்கம் சாயும்.
கண்ணாடி கிடையாது,
ஒருத்தி காதை இன்னொருத்தி பார்த்துச் சொல்வாள்.
எலுமிச்சைத் துண்டு, லுபின் பூ,
மருமகள் கேட்டாள் என்று செய்த பொரித்த முட்டை,
பாதி என் அடுப்பில் வெந்தவை.
எங்கள் ஊர்க் காற்றுக்கும் அப்போதுதான் ஷிப்ட் ஆரம்பம்.
மனிதர் பிடித்து நடக்கத் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
கம்மலுக்குக் கயிறு இல்லை.

நோல்ஃபா ஒரு காதைப் பொத்திக்கொண்டு வந்தாள்.
"டனிட்சா, ஒற்றைக்கு விலை என்ன?"

சிவப்புப் பிறை, அதில் ஏழு வெள்ளைப் புள்ளி.
அந்தச் சிவப்பை எப்படிக் கலந்தேன்?
எழுதி வைக்கவில்லை.
ஆரஞ்சு கொஞ்சம், மிஞ்சிய ஊதாவில் ஒரு கிள்ளு,
மிளகளவு கறுப்பு, இல்லை, அதைவிடக் குறைவு.
என் கேஸ் அடுப்பு பொய் சொல்லும்;
நூற்று முப்பது என்று காட்டிவிட்டு நூற்றைம்பதில் எரியும்.
உளவு பார்க்க உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன்.
அதையும் மறந்த இரவில்
முதல் பிறை ஈரல் நிறத்தில் வந்தது.
இரண்டாவதில், புள்ளிகளுக்கு நடுவே
பூனையின் முடி ஒன்று நிரந்தரமாகிவிட்டது.
மூன்றாவதை மஞ்சள் பல்பின் கீழே வைத்து
"அதே சிவப்புதான்" என்றேன்.

அவள் ஜன்னலுக்கு எடுத்துப் போனாள்.
"யாருக்குக் காது குத்துகிறாய்?
எனக்கு ஏற்கெனவே குத்தியாயிற்று."
சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டாள்.
மூவாயிரம் பெசோ, ஒரு ஜோடியில் பாதி.
போன களிமண்ணைக் கணக்குப் பார்த்தால்
நான் அவளுக்குக் கடன்காரி அல்ல,
அவள்தான் எனக்கு.
பார்க்கவில்லை.

அக்டோபரில் பனி உருகியதும்
பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்,
கலஃபாத்தே முட்புதரில்,
ஒரு பிளாஸ்டிக் பைக்கும் ஒற்றைக் கையுறைக்கும் இடையே
தொங்கிக்கொண்டிருந்தது.
ஒரு புள்ளி உதிர்ந்திருந்தது.
நிறம் ஒரு துளி மங்கவில்லை.
திருப்பிப் பார்த்தேன், முதுகில்
என் கட்டைவிரல் ரேகை,
வெந்து கெட்டியான என் அவசரம்.

சாப்பாட்டு மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்தோம்.
இரண்டு காது, மூன்று பிறை.
"காணாமல் போனதைத் தூக்கிப் போடவா?" என்றேன்.
நோல்ஃபா ரொட்டியை மென்றபடி
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சனிக்கிழமை, நாற்பத்தொன்பது வயதில்,
மருந்துக்கடையில் வரிசையில் நின்று,
முன்னால் ஒரு கைக்குழந்தை,
பின்னால் ஒரு கைக்குழந்தை,
இடது காதில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டாள்.
மூவரில் யார் அதிகம் கத்தியது என்று
இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது வலது பக்கம் காலியாகத் தெரிகிறதாம்.
நண்டு வாடை போக
எலுமிச்சை தேய்த்துக் கை கழுவினேன்.
வெள்ளையைப் பிரித்தேன்.